ஓகே எந்தப் பட்டன், வட்டமா கிராஸா?

நீங்கள் கேட்டது இது: பழைய ஜப்பானிய பிளேஸ்டேஷன் கேம்களில் வட்டத்தை அழுத்தினால் ஓகே ஆகிறது, மற்ற கேம்களில் அதே வட்டம் மெனுவை விட்டு வெளியே தள்ளுகிறது. ஸ்விட்சில் ஏ வலப்பக்கம் இருக்கிறது, எக்ஸ்பாக்ஸில் கீழே இருக்கிறது. எது சரி, ஏன் இப்படி ஆனது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ள வழி உண்டா? கூடவே, நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் சிறிய கேமில் எதை வைப்பது? இதில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன: பட்டன் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது, அது கைக்கு எந்த இடத்தில் இருக்கிறது, அதை அழுத்தினால் என்ன நடக்கிறது. கன்ட்ரோலர் பற்றி வரும் புகார்களில் பெரும்பாலானவை, இந்த மூன்றில் ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொள்வதால் வருபவை. சரியான அமைப்பு என்று எதையும் காட்ட முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல முடியும்.

நின்டென்டோவிலிருந்து தொடங்கலாம். 1983-இல் வந்த ஃபேமிகாம் என்ற அதன் கன்சோலில் வலது கைக்கு இரண்டே பட்டன்கள்தான். வலது ஓரத்தில் ஏ, அதற்கு இடப்பக்கம் பி. இடமிருந்து வலமாகப் படித்தால் 'பி, ஏ' என்று தலைகீழாக வரும். 1987-இல் வந்த பிசி எஞ்சின் என்ற இன்னொரு ஜப்பானிய கன்சோலிலும் அப்படித்தான்: இடப்பக்கம் ரோமன் இரண்டு, வலப்பக்கம் ரோமன் ஒன்று. முதல் பெயர் வலது ஓரத்துக்குப் போனது. அந்த இரண்டு பட்டன்களையும் ஒரே கட்டைவிரல்தான் ஆள்கிறது. சூப்பர் மாரியோ பிரதர்ஸில் விரல் நுனியால் பி-யை அழுத்திப் பிடித்து ஓடிக்கொண்டே, அதே விரலின் கணுவை வலப்பக்கம் சாய்த்து ஏ-யை அழுத்தித் தாவலாம். 1990-இல் சூப்பர் ஃபேமிகாம் (ஜப்பானுக்கு வெளியே சூப்பர் நின்டென்டோ) வந்தபோது அதே பி-ஏ ஜோடியைச் சற்றுச் சாய்த்து, அதற்கு மேல் ஒய்-எக்ஸ் என்று இன்னொரு ஜோடியை வைத்தார்கள். அதனால்தான் பி கீழே, ஏ வலப்பக்கம், ஒய் இடப்பக்கம், எக்ஸ் மேலே. வைர வடிவமாகத் தெரிந்தாலும் அது உண்மையில் சாய்த்து வைத்த இரண்டு வரிசை. இன்றைய ஸ்விட்ச் வரை நின்டென்டோவின் வழக்கமான கன்ட்ரோலர்களில் இந்த வரிசை நிலைத்துவிட்டது. கேம்கியூபின் பெரிய நடு ஏ பட்டன் போன்ற விலகல்கள் உண்டு, ஆனால் அவை தொடரவில்லை.

சேகா வேறு பக்கத்திலிருந்து எண்ணியது. அதன் 1988 கன்சோலான மெகா டிரைவில் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. பிறகு வந்த ஆறு பட்டன் கன்ட்ரோலரில் அவற்றுக்கு மேல் எக்ஸ், ஒய், இசட். 1994-இன் சாட்டர்னிலும் அதே இரண்டு வரிசை. இப்போது அதிலிருந்து சி-யையும் இசட்-ஐயும் நீக்கிவிட்டு, மிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள்: ஏ கீழே, பி வலப்பக்கம், எக்ஸ் இடப்பக்கம், ஒய் மேலே. சேகாவின் 1998 கன்சோலான டிரீம்காஸ்ட் இதேதான். 2001-இல் வந்த எக்ஸ்பாக்ஸும் இதேதான். டிரீம்காஸ்டில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் சிஇ என்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தும் வசதி இருந்தது, ஆகவே மைக்ரோசாஃப்ட் அங்கிருந்து இதை எடுத்துக்கொண்டது என்று அடிக்கடி சொல்வார்கள். இரண்டின் அமைப்பும் ஒன்று என்பது உறுதி. எடுத்துக்கொண்டார்கள் என்பது நியாயமான ஊகம், அதற்கு மேல் அதை நான் கொண்டுபோக மாட்டேன்.

இதன் விளைவு, நின்டென்டோவுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் இடையில் ஒரு ஜோடி அல்ல, இரண்டு ஜோடிகள் இடம் மாறியிருக்கின்றன: ஏ-பி ஒன்று, எக்ஸ்-ஒய் இன்னொன்று. பலர் முதல் ஜோடியை மட்டும் மாற்றிவிட்டு, 'இன்னும் ஏதோ இடிக்கிறதே' என்று நிற்பார்கள். 'எக்ஸை அழுத்து' என்ற ஒரே அறிவிப்பு எக்ஸ்பாக்ஸில் இடப்பக்கத்தையும், நின்டென்டோவில் மேல்பக்கத்தையும், பிளேஸ்டேஷனின் கிராஸை எக்ஸ் என்று அழைக்கும் பெரும்பான்மையோருக்குக் கீழ்ப்பக்கத்தையும் குறிக்கிறது. அது எக்ஸ் அல்ல, கிராஸ்தான் என்று பிளேஸ்டேஷனின் பிரிட்டன் கணக்கு 2019-இல் ட்விட்டரில் சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? நிறத்தை நம்பியும் பயனில்லை. ஜப்பானிய, ஐரோப்பிய சூப்பர் நின்டென்டோவில் ஏ சிவப்பு, பி மஞ்சள், எக்ஸ் நீலம், ஒய் பச்சை. எக்ஸ்பாக்ஸில் ஏ பச்சை, பி சிவப்பு, எக்ஸ் நீலம், ஒய் மஞ்சள். வட அமெரிக்க சூப்பர் நின்டென்டோவில் இந்த நான்கு நிறங்களே இல்லை, ஊதாவின் இரண்டு சாயல்கள் மட்டும்.

பிளேஸ்டேஷனுக்கு வருவோம், உங்கள் கேள்வியின் மையம் அதுதான். 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த அந்தக் கன்ட்ரோலரை வடிவமைத்தவர் டெய்யு கோட்டோ. எழுத்துகளுக்குப் பதில் வடிவங்களை ஏன் வைத்தார் என்பதை அவரே பேட்டியில் விளக்கியிருக்கிறார்: முக்கோணம் பார்வைக் கோணத்துக்கு, சதுரம் காகிதம் அல்லது மெனுவுக்கு, வட்டமும் கிராஸும் ஆம், இல்லை என்ற முடிவுகளுக்கு. ஜப்பானில் விடைத்தாளில் சரியான விடைக்கு ஆசிரியர் சிவப்பு வட்டம் போடுவார், ஆகவே வட்டம் ஓகே என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலும் வட்டம் இருப்பது வலப்பக்கத்தில், சூப்பர் ஃபேமிகாமின் ஏ இருந்த அதே இடத்தில். ஆக ஒரு ஜப்பானிய ஆட்டக்காரருக்கு அடையாளமும் இடமும் ஒரே திசையைக் காட்டின.

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கிராஸ் ஓகே ஆனது. இது ஒரே நாளில் நடந்த மாற்றமல்ல. ஃபைனல் ஃபேன்டசி 7 (1997), மெட்டல் கியர் சாலிட் (1998) ஆகியவற்றின் வட அமெரிக்கப் பதிப்புகளில் ஜப்பானிய முறையே, அதாவது வட்டமே ஓகே. அதே காலத்து மேற்கத்திய கேம்கள் பலவற்றில் கிராஸ் ஓகே, ஆனால் கேன்சலுக்கு வட்டம் அல்ல, முக்கோணம். பழைய கேம்களில் 'பின்னே போக எதை அழுத்துவது' என்று நீங்கள் தடுமாறியிருந்தால் காரணம் இதுதான். வட்டம் என்றால் கேன்சல் என்ற பழக்கம் பிறகுதான் உறைந்தது.

ஏன் கிராஸ் என்பதில்தான் உறுதி குறைகிறது. ஒரு விளக்கம், கீழ்ப் பட்டன் கட்டைவிரலுக்கு இயல்பான இடம் என்பது. இன்னொன்று, மேற்கில் வட்டத்துக்குச் சரி என்ற பொருள் இல்லை, கிராஸுக்கோ தவறு என்ற ஒரே பொருள் மட்டும் இல்லை, படிவத்தில் கட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும் அதையே போடுவார்கள் என்பது. முதல் விளக்கம் மட்டும் போதாது என்பது என் கருத்து, ஏனென்றால் அதே மேற்கத்திய ஆட்டக்காரர்கள்தான் அதற்கு முன் சூப்பர் நின்டென்டோவில் வலப்பக்க ஏ-யைப் பல கேம்களில் ஓகே-யாக முணுமுணுப்பின்றி அழுத்தினார்கள். அங்கே ஏ என்ற எழுத்து முதன்மையைச் சொல்லிவிட்டது. வட்டம் அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. அடையாளம் வெறுமையான இடத்தில்தான் விரலின் வசதி வென்றது என்று நினைக்கிறேன். எக்ஸ்பாக்ஸ் வந்த பிறகு, இரண்டு கன்சோலுக்கும் சேர்த்துக் கேம் செய்பவர்களுக்குக் கீழ்ப் பட்டனே ஓகே என்பது வேலையைச் சுலபமாக்கியது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது சோனி ஜப்பானிலும் சிஸ்டம் மெனுவில் கிராஸே ஓகே என்று மாற்றிவிட்டது. கால் நூற்றாண்டுப் பழக்கம், ஜப்பானில் கொஞ்சநஞ்ச முணுமுணுப்பு அல்ல.

கலாச்சாரத்தை மட்டும் காரணம் சொல்லவும் கூடாது. பிளேஸ்டேஷன் 3-இல் கால் ஆஃப் டியூட்டி கேம்களில் சுடுவது கன்ட்ரோலரின் மேல் விளிம்பில் உள்ள ஆர்1 பட்டனில் இருந்தது, எக்ஸ்பாக்ஸ் 360-இல் வலது டிரிக்கரில் (சுட்டுவிரலால் இழுக்கும் பட்டன்). பிளேஸ்டேஷன் 3-இன் கன்ட்ரோலரான டூயல்ஷாக் 3-இன் டிரிக்கர்களான எல்2, ஆர்2 வெளிப்புறம் வளைந்து விரலை வழுக்கிவிடும் என்பதே பொதுவாகச் சொல்லப்படும் காரணம், கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அது புரியும். பிளேஸ்டேஷன் 4-இன் டூயல்ஷாக் 4-இல் டிரிக்கரின் வடிவம் மாறியது, சுடுவதும் ஆர்2-க்குப் போனது. இதில் எந்த நாட்டின் மரபும் இல்லை, பிளாஸ்டிக்கின் வளைவுதான்.

இனி மாற்றும் வழி. அடிப்படை ஒன்றுதான்: பட்டன் மாற்றத்தை ஒரே ஒரு அடுக்கில் செய்யுங்கள். கன்ட்ரோலர், அதன் செயலி, கன்சோல் அல்லது ஸ்டீம் (கணினியில் கேம் வாங்கி ஓட்டும் தளம்), எமுலேட்டர் (பழைய கன்சோலைப் போல நடந்து அதன் கேம்களை ஓட்டும் நிரல்), கேம் என்று ஐந்து அடுக்கு வரை இருக்கலாம். இரண்டு இடத்தில் ஏ-பி-யை மாற்றினால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பழையபடி வந்து நிற்கும். 'மாற்றினேன், மாறவே இல்லை' என்ற புகாரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை. எனவே முதலில் எல்லா மாற்றங்களையும் நீக்கிவிட்டு, பட்டன் என்னவாக வந்து சேர்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் சோதனைத் திரை வரும். லினக்ஸில் இவிடெஸ்ட் என்ற கருவி போதும்.

மாற்றுவதற்கு நல்ல இடம் கேமின் சொந்த அமைப்புதான், ஓகே-கேன்சலுக்குத் தனித் தேர்வு இருந்தால். பல கேம்கள் ஆட்டத்தின் பட்டன்களை மட்டும் மாற்ற விடும், மெனுவைத் தொட விடாது, அதையும் கவனியுங்கள். கேமில் வழி இல்லாவிட்டால்தான் கன்சோல். ஸ்விட்சில் சிஸ்டம் செட்டிங்ஸில் கன்ட்ரோலர்களும் சென்சார்களும் என்ற பகுதியில் பட்டன் மேப்பிங்கை மாற்றலாம். 2020 ஏப்ரலில் வந்த 10.0.0 பதிப்பிலிருந்து இது உண்டு. பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் அக்சஸிபிலிட்டி பகுதிக்குள் பட்டன் அசைன்மென்ட் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் எக்ஸ்பாக்ஸ் அக்சசரீஸ் செயலி.

கன்சோல் அளவில் மாற்றும்போது வரும் சிக்கல் இரண்டு. ஒன்று, மாற்றம் மெனுவோடு நிற்காது. வட்டத்தையும் கிராஸையும் மாற்றினால் மெனு உங்கள் கைக்கு வரும், ஆனால் ஆட்டத்தில் தாவுவதும் உருளுவதும்கூட இடம் மாறிவிடும். இரண்டு, திரையில் வரும் படங்கள் மாறாது. கிராஸ் என்று காட்டும், நீங்கள் வட்டத்தை அழுத்த வேண்டும். மெதுவான கேமில் சமாளிக்கலாம். நொடிக்குள் சரியான பட்டனை அழுத்தச் சொல்லும் காட்சிகளில் தோற்பீர்கள்.

எமுலேட்டரில் நிலைமை இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு. முதல் இரண்டு பிளேஸ்டேஷன்களின் கேம்களில் ஓகே எது என்பது டிஸ்கிலேயே எழுதப்பட்டிருக்கும். எமுலேட்டர் கேட்டு மாற்றக்கூடிய அமைப்பு எதுவும் இல்லை. பட்டன்களை இடம் மாற்றி வைக்கலாம், அல்லது யாராவது அந்தக் கேமுக்குச் செய்த பேட்ச் (திருத்தக் கோப்பு) இருந்தால் போடலாம். பிஎஸ்பி (சோனியின் கையடக்கக் கன்சோல்), பிளேஸ்டேஷன் 3 இரண்டிலும் கதை வேறு: ஓகே எந்தப் பட்டன் என்பதைச் சிஸ்டமே ஓர் அமைப்பாக வைத்திருக்கிறது, கேம் அதைக் கேட்டுக்கொள்ளலாம். பிஎஸ்பி எமுலேட்டரான பிபிஎஸ்எஸ்பிபி-யில் உறுதிப்படுத்தும் பட்டன் என்றும், பிளேஸ்டேஷன் 3 எமுலேட்டரான ஆர்பிசிஎஸ்3-இல் என்டர் பட்டன் அசைன்மென்ட் என்றும் இதற்குத் தேர்வு இருக்கிறது. சேவ் திரை, பெயர் எழுதும் கீபோர்டு போன்ற சிஸ்டத் திரைகள் இதற்கு உடனே கட்டுப்படும். கேமின் சொந்த மெனு கட்டுப்படுமா என்பது அதைச் செய்தவர்கள் சிஸ்டத்தைக் கேட்டார்களா என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் மட்டும் வெளியான கேம்களில் பல கேட்பதில்லை. அப்போது சேவ் திரையில் கிராஸும் மெனுவில் வட்டமும் ஓகே ஆகி, ஒரே கேமுக்குள் இரண்டு பழக்கம் வந்துவிடும். அந்த நிலையில் சிஸ்டம் அமைப்பையும் வட்டத்துக்கே விட்டுவிடுங்கள், ஒரே மாதிரியாவது இருக்கும்.

பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்க்கில் உள்ளே இருக்கும் கற்பனைக் கன்ட்ரோலர் சூப்பர் ஃபேமிகாம் வடிவில் இருக்கிறது, கீழ்ப் பட்டனின் பெயர் அங்கே பி. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் ஏ-யை அழுத்தினால் பி என்று காட்டுவது பிழை அல்ல, இடத்தை வைத்துப் பொருத்தியிருக்கிறது. இன்புட் அமைப்பில் மெனு கன்ட்ரோல்ஸ் என்ற இடத்தில் ஓகே-கேன்சல் மாற்று என்ற தேர்வு உண்டு: அணைந்திருந்தால் ஜப்பானிய முறை, போட்டிருந்தால் மேற்கத்திய முறை. அது ரெட்ரோஆர்க்கின் மெனுவை மட்டும் தொடும். கேமுக்குள் மாற்ற வேண்டுமென்றால் குவிக் மெனுவில் கன்ட்ரோல்ஸுக்குப் போய் மாற்றி, அந்தக் கேமுக்கு மட்டுமான ரீமேப் கோப்பாகச் சேமியுங்கள். சேமிக்காமல் மூடினால் போய்விடும்.

ஸ்டீமில், நின்டென்டோ கன்ட்ரோலருக்கு 'நின்டென்டோ பட்டன் அமைப்பைப் பயன்படுத்து' என்ற தேர்வு இருக்கிறது. போட்டால் அச்சிட்ட எழுத்தின்படி, எடுத்தால் இடத்தின்படி. திரையில் ஏ என்று வந்தால் ஏ-யைத் தேடும் ஆள் என்றால் போடுங்கள். கை தானாகக் கீழ்ப் பட்டனுக்குப் போகும் ஆள் என்றால் எடுத்துவிடுங்கள். சோனி கன்ட்ரோலரை விண்டோஸில் டிஎஸ்4விண்டோஸ் என்ற செயலி வழியாகப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது ஒரு மாய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை உருவாக்குகிறது, உண்மைக் கன்ட்ரோலரும் கண்ணுக்குத் தெரிந்தபடியே இருக்கிறது. கேம் இரண்டையும் படித்தால் ஒரு அழுத்தம் இரண்டாக விழும், மெனுவில் கர்சர் இரண்டிரண்டாகத் தாவும். ஹிட்ஹைடு என்ற கருவியைக் கொண்டு உண்மைக் கன்ட்ரோலரை மறையுங்கள், அல்லது ஸ்டீம் இன்புட் (ஸ்டீமின் சொந்தக் கன்ட்ரோலர் வசதி), டிஎஸ்4விண்டோஸ் இரண்டில் ஒன்றை மட்டும் ஓட விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிராஸ் பழகிய கையோடு வட்ட ஓகே கேமுக்குப் போனால் இரண்டு விதத் தவறு நேரும், இரண்டும் ஒரே அளவு ஆபத்து அல்ல. ஓகே சொல்ல நினைத்து கிராஸை அழுத்தினால் மெனு மூடும், அவ்வளவுதான். வெளியேற நினைத்து வட்டத்தை அழுத்தினால் 'பழைய சேவின் மேல் எழுதவா' என்பதற்கு ஆம் சொல்லிவிடுவீர்கள். இப்படிப்பட்ட கேமில் முதல் சில மணி நேரம் வேறு வேறு சேவ் இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

உங்கள் கேமுக்கு: ஆட்டத்தின் செயல்களை இடத்தின்படி எழுதுங்கள், ஓகே-கேன்சலைத் தனியாக வையுங்கள், படங்களைக் கையில் இருக்கும் கன்ட்ரோலரைப் பார்த்துக் காட்டுங்கள். தாவுவது கீழ்ப் பட்டன் என்றால் அது எல்லாக் கன்ட்ரோலரிலும் கீழ்ப் பட்டனாகவே இருக்கட்டும். விரல் அசைவை நம்பி வடிவமைத்ததை எழுத்துக்காக இடம் மாற்ற வேண்டாம். ஓகே மட்டும் நின்டென்டோவில் வலப்பக்கம், மற்றவற்றில் கீழே. இந்த இரண்டையும் ஒரே மாறியில் கட்டிவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. கேம் எழுதுபவர்கள் கன்ட்ரோலரைப் படிக்கப் பயன்படுத்தும் நூலகமான எஸ்டிஎல் 3-இல் அந்த நான்கு முகப் பட்டன்களுக்குத் தெற்கு, கிழக்கு, மேற்கு, வடக்கு என்றே பெயர். எஸ்டிஎல் 2-இல் ஏ, பி என்ற பெயர்கள் இருந்தன, நின்டென்டோ கன்ட்ரோலர் வந்தால் இயல்பாக அச்சிட்ட எழுத்தைப் பின்பற்றும். பழைய நிரலை அப்படியே கொண்டுபோனால் இங்கே தடுக்கும். பிரவுசரின் கேம்பேட் வசதியில், நிலையான மேப்பிங் கிடைத்தால், 0 கீழே, 1 வலம், 2 இடம், 3 மேலே. கேம் எஞ்சினான கோடாட்டில் ஏ என்று பெயரிட்டது எந்தக் கன்ட்ரோலரிலும் கீழ்ப் பட்டனைத்தான்.

லினக்ஸில் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தருவதை நேராகப் படிப்பதாக இருந்தால் எக்ஸ்-ஒய்யில் ஒரு கண்ணி இருக்கிறது. அங்கே எக்ஸ் என்ற பெயரும் வடக்கு என்ற பெயரும் ஒரே எண், ஒய்யும் மேற்கும் ஒரே எண். அது நின்டென்டோ அமைப்புக்குப் பொருந்தும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் டிரைவர் (அதைக் கணினியோடு இணைக்கும் நிரல்) எழுத்தைப் பார்த்து அனுப்புவதால், இடப்பக்கம் இருக்கும் எக்ஸ் வடக்கு என்று வந்து சேரும். சோனி டிரைவர் இடத்தைப் பார்த்துச் சரியாக அனுப்பும். ஒரு கன்ட்ரோலரில் மட்டும் சோதித்துவிட்டு வெளியிட்டால் மற்றதில் இந்த இரண்டு பட்டன்களும் மாறியிருக்கும். எஸ்டிஎல் போன்ற நூலகம் வழியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை.

விண்டோஸில் எக்ஸ்இன்புட் (கன்ட்ரோலரைப் படிக்க மைக்ரோசாஃப்ட் தரும் இடைமுகம்) வழியாக வரும் எதுவும் தன்னை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றே சொல்லும், உள்ளே இருப்பது எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும். தானாகக் கண்டுபிடிப்பது அங்கே தோற்கும் என்பதால், பட்டன் படங்களை ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்கும் வசதியையும் ஓகே-கேன்சலை மாற்றும் வசதியையும் அமைப்புத் திரையில் தனித்தனியாக வையுங்கள். அழிப்பது, மேலெழுதுவது போன்ற திரைகளில் கர்சர் 'இல்லை' மேல் தொடங்கட்டும். பட்டனை நிறத்தால் மட்டும் காட்ட வேண்டாம். படத்தில் வடிவமோ எழுத்தோ இருந்தே ஆக வேண்டும், முடிந்தால் நான்கு புள்ளிகளில் எது என்பதை நிரப்பிக் காட்டும் சிறிய வைரத்தையும் பக்கத்தில் வையுங்கள். எந்தக் கன்ட்ரோலரைப் பிடித்திருப்பவருக்கும் அது பொய் சொல்லாது.